நெல்லித்தோப்பு தூங்கும் நேரம்

மேனகா: நில்லு ரூபி! மணி ஒம்போதுகூட ஆவல... சமையல் முடிஞ்சி, துணி துவைச்சி, எங்க பறக்குற?

ரூபி: ஐயோ மேனகாக்கா... மெதுவா. தெருவுக்கே கேக்கும்.

மேனகா: தெருவே உன்னத்தான்டி பேசுது! முன்னெல்லாம் மதியமானாலும் உன் வீட்ல குழம்பு கொதிக்காது. இப்ப மிசின் மாதிரி சுத்துற. என்ன மாத்திர போடுற?

ரூபி: மாத்திரயும் இல்ல, மருந்தும் இல்ல. எழுந்ததும் ஃபோனை அரிசி டின்ல போட்டு மூடிடுறேன். வேலை முடிஞ்சாத்தான் எடுப்பேன்.

மேனகா: அப்ப ஊர் நடப்பெல்லாம்?

ரூபி: அதுக்குத்தான் மாடியில நீங்க இருக்கீங்களே.

மேனகா: கொழுப்பு... சரி, மிச்சம் புடிச்ச நேரத்த என்ன பண்ற? மதியம் கடையெல்லாம் மூடி ஊரே குறட்டை விடுது, நீ மட்டும் கெளம்புற. கேட்டா கோயில்ல பாட்டு ப்ராக்டிஸ்ங்கிற. ஒரு வரி முணுமுணுத்துக்கூட நான் கேக்கல!

ரூபி: அக்கா... யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

மேனகா: நானா! சொல்லு, சொல்லு!

ரூபி: கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்.

மேனகா: காரா! நீயா!

ரூபி: ஒரு மணிக்கு மேல லாஸ்பேட்டை ரோடு காலிக்கா. ட்ரைவிங் ஸ்கூல் கார்ல சும்மா பறப்பேன்! இன்னிக்குக் காலைலயே லைசென்சு டெஸ்ட், அதுக்குத்தான் இப்ப கெளம்புறேன். பாஸானா நர்சரி ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை கெடைக்கும்!

மேனகா: வேன் வேற ஓட்டப் போறியா! ஆனந்துக்குத் தெரியுமா?

ரூபி: எங்க வீட்டுக்காரருக்கா? "நீ ஓட்டுனா ஊர்ல ஒரு செவுரு நிக்காது"ன்ன மனுசன்! தெரிஞ்சா இன்னிக்கே நிறுத்திடுவாரு. நல்ல வேளை, கடை மூடிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தா நாலு மணி வரைக்கும் அசைய மாட்டாரு.

மேனகா: ம்... அசையவே மாட்டாரு.

ரூபி: அப்பறம் நீங்க. நான் திரும்பறதுக்குள்ள மொட்ட மாடித் துணிய மடிச்சி, ராத்திரிக்கு வெங்காயம்கூட உரிச்சி வாசல்ல வச்சிடுறீங்க. கேட்டா சிரிக்கிறீங்க.

மேனகா: சரி, போ... நேரமாவுது.

ரூபி: இப்பவும் சிரிக்கிறீங்க! நீங்க மட்டும் இல்லன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன்க்கா. பாஸாயிட்டா மொத ஸ்வீட்டு உங்களுக்குத்தான்.

மேனகா: எனக்கெதுக்குடி! டெஸ்ட் முடியுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாரு, அடக்கி அடக்கி வயிறே வெடிக்குது... உன்னக் கார்ல பாத்த அன்னிலேர்ந்து தூங்குற மாதிரி படுத்திருந்து, நீ தெருமுனை தாண்டுனதும் எழுந்து துணி மடிக்கிறது உன் வீட்டுக்காரர்டி!