மீதிக் கதை ஊசி குத்தின பிறகு

"மீதிய பஸ்ல சொல்லக் கூடாது மாமா" என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னதும்தான் நான் காது கொடுத்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். முன் சீட்டில் அவளும் அவளுடைய மாமனாரும், அவருக்கு டயாலிசிஸ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"கொஞ்சந்தாம்மா பாக்கி. உங்க அத்தைய பொண்ணு பாக்கப் போற வழியில தண்ணி வத்தி, படகு சேத்துல தட்டிக்கிச்சு. நாந்தான் எறங்கித் தள்ளுனேன். புது வேட்டியெல்லாம் சேறு. அப்படியே அவுங்க வீட்டுக்குப் போயி நின்னா, உங்க அத்த..."

"நிறுத்துங்க. அத அடுத்த வாட்டி, ஊசி குத்துனப்புறம் சொல்லுங்க."

"அடுத்த வாட்டி நான் வரலம்மா. குத்திக் குத்திக் கையே மரத்துப் போச்சு. போதும்."

"அப்ப உங்க புள்ளைக்கு நான் என்ன சொல்றது? முன்னெல்லாம் துபாய்லேர்ந்து போன் பண்ணா, அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டுட்டு வெச்சிடுவாரு. இப்ப நீங்க அங்க சொல்ற கதையக் கேக்காம வெக்க மாட்றாரு. சேறோட பாத்துட்டு அம்மா என்ன சொன்னாங்கன்னு இன்னிக்குக் கேப்பாரு."

"என்ன சொன்னாளா?" பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டாள்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. பெரியவர் மெல்ல அவள் விரலை விலக்கினார்.

"வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரில கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். மொத பஸ்ஸுக்கே கெளம்பிடலாம்மா."