ஈரான் படத்துக்கு அழுத மனுசன்

சுவிஸில், பேர்ண் நகர டிராமில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஈரான் படம் ஒன்று பார்த்துவிட்டு வருகிறார்களாம். மனுசன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும்.

"பாவமப்பா அந்தப் பெட்டை. புருசன் வேலைக்கு விடமாட்டனெண்டால் அவள் என்ன செய்வாள்?"

"எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டல் வேலைக்குப் போகட்டோ எண்டு நானும் கோடை முழுக்கக் கேட்டனான்."

"அது வேற. பொம்பிளை தனியப் போய்த் தங்கினால் சனம் என்ன கதைக்கும்?"

"படத்திலை அவனும் இதைத்தானே சொன்னவன்."

"அவன் முரடன்."

"ஓம், நீங்கள் அழுறியள். அவ்வளவுதான் வித்தியாசம்."

மனுசன் கண் துடைத்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"நாளைக்கு ஹோட்டலுக்குப் போன் எடுத்து, வாறன் எண்டு சொல்லப்போறன்," என்றாள் அவள்.

"என்னட்டைக் கேக்கேல்லையே?"

"கேட்டுக் களைச்சிட்டன். இப்ப சொல்லுறன்."