கழுவுத்தண்ணியின் கடைசிப் பாட்டு

டிசம்பரில் முதல் தடவையாகக் கொட்டச்சேட்டுக்கு வருபவர்கள் ஜீப்பை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நீங்களும் அன்று அப்படித்தான் செய்தீர்கள். அதில் தவறில்லை. காப்பிப் பழத்தின் தோலை உரித்து, கொட்டையை ஊறப்போட்டுக் கழுவுகிற காலம் அது. கழுவிய தண்ணீர் புளித்து எஸ்டேட் முழுக்க நாறும். கொஞ்ச நாள் இருந்தால் பழகிவிடும். பழகிய பிறகு அந்த நாற்றத்துக்குள் ஓர் இனிப்பு இருப்பது தெரியவரும்.

எல்வினின் பாட்டும் அப்படித்தான். தங்கள் பாட்டுக் குழுவுக்கே அவனும் கூட்டாளிகளும் 'கழுவுத்தண்ணி' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ஆல்பத்தின் பெயர் 'ஊறல்'.

ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற எஸ்டேட் ரைட்டருக்குப் பங்க் ராக் பாடுகிற பிள்ளைகளோடு என்ன சகவாசம் என்று கேட்டீர்கள். பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் ஹவுஸின் சாவி என்னிடம் இருந்தது. அவ்வளவுதான் தொடக்கம். எல்வின் எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்கிற தேவகுமாரியின் மகன். பாடுவான், கிட்டார் வாசிப்பான். டிரம்ஸ் வாசிக்கிற ரிஸ்வான், ஏரிக்கரையில் கடை வைத்திருக்கும் சையத் இப்ராஹிமின் பையன். பேஸ் கிட்டார் சுமையா, ரிஸ்வானின் சித்தப்பா மகள். போன மே மாதம் மூவரும் சத்தம் போட ஓர் இடம் தேடிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

பல்ப்பர் ஹவுஸுக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. கழுவிய தண்ணீர் அதில்தான் போய் நிற்கும். மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இரும்பு மூடி, உள்ளே இரும்பு ஏணி. மே மாதத்தில் அது சுத்தமாகக் காய்ந்து கிடக்கும். எல்வின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஒரு குரல் கொடுத்தான். குரல் உடனே திரும்பி வரவில்லை. யோசித்துவிட்டு வருவதுபோல வந்தது.

"ரைட்டரண்ணா, நாங்க இதுக்குள்ளயே பாடிக்கறோமுங்க" என்றான். ஆல்பம் முழுவதையும் அதற்குள்தான் பதிவுசெய்தார்கள்.

முதல் தடவை கேட்டபோது இரண்டாம் பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். என் மனைவி ஈவ்லின் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, தகரத்தப் பூனை பிராண்டுதுங்களா?"

"பாட்டு."

"இதுக்குப் பூனையே தேவலைங்க."

மறுநாள் திரும்பவும் கேட்டேன். பிறகு தினமும் கேட்டேன். 'படகு' என்று ஒரு பாட்டு. பாட்டு முழுக்க அந்த ஒரே சொல்தான். ஒவ்வொரு தடவையும் கிட்டார் கொஞ்சம் பிந்தி வரும். முடியும்போது, சுற்றுலா சீசன் நாளில் காலையிலிருந்து ஏரியில் துடுப்புப் போட்டவனின் தோள்வலி கேட்பவனுக்கு வந்துவிடும். இதை எல்வினிடம் சொன்னேன்.

"அண்ணா, இது எனக்கே தெரியாதுங்களே."

அந்தப் பாட்டு அன்றைக்குத்தான் முழுமையானது என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசிப் பாட்டுக்கு 'தொட்டி' என்று பெயர். குரல் உடைகிறவரை எல்வின் கத்துவான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நெடுநேரத்துக்கு மௌனம். முடிந்துவிட்டது என்று எல்லோரும் அங்கே அணைத்துவிடுவார்கள். அணைக்காமல் இருந்தால் எங்கோ ஒரு துணி உரசுவது கேட்கும். சிமெண்டு மூச்சு விடுவது கேட்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வீட்டில் இராது. பல வருஷமாக நான் இருந்துகொண்டிருந்த இடத்தை இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் பாட்டாக்கி வைத்திருந்தான். அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு கல்லூரி விழாவில் பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்களாம். எனக்கு அது வருத்தமாக இல்லை.

நவம்பர் கடைசியில் எல்வின் என்னைத் தேடி வந்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி ஆல்பத்தை வெளியிடச் சம்மதித்திருந்தது. கடைசிப் பாட்டில் கத்தலையும் மௌனத்தையும் எடுத்துவிட்டு மெல்லிய குரலில் பாடித் தர வேண்டும், பழையதை இணையத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கேட்டது.

"அந்த மௌனத்த எடுக்காத கண்ணு" என்றேன்.

"ஒண்ணுமே இல்லாதத ஆருங்கண்ணா அத்தன நேரம் கேப்பாங்க?"

"நான் கேக்கறேன்."

அவன் சிரித்தான். "நீங்க ஒருத்தர் கேட்டாப் போதுங்களா? எங்கம்மாவே பாதில எந்திரிச்சு அடுப்பப் பாக்கப் போயிருச்சு. நாலு பேரு கேக்கோணுமுங்கண்ணா."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். பிறகு, பாடுவதற்கு அதே தொட்டி வேண்டும் என்றான். வேறு எங்கே பாடினாலும் அந்தக் குரல் வருவதில்லையாம்.

சனிக்கிழமை வரச்சொன்னேன்.

எல்வின் இந்த எஸ்டேட்டில் பிறந்தவன்தான். ஆனால் படித்ததெல்லாம் சேலத்தில், ஹாஸ்டலில். அறுவடைக் காலத்தில் அவன் இங்கே இருந்ததே இல்லை. அவன் அம்மாவும் பழம் பறித்துப் போடுவதோடு சரி, பல்ப்பர் ஹவுஸ் பக்கம் வருகிறவள் இல்லை. மே மாதத்துத் தொட்டியும் டிசம்பர் மாதத்துத் தொட்டியும் ஒன்றுதான் என்று அவன் நினைத்தான். நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்களை விட்டுத் தண்ணீரை இறைத்தேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் புளித்த சக்கை நின்றது. வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டே சித்தன் சொன்னான்:

"மூடியத் தெறந்தே உடுங்க ரைட்டரய்யா. உள்ள காத்து கெட்டுக் கெடக்குது. நாளைக்கு வெளக்கு எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆரையும் எறக்கோணும்."

எஸ்டேட்டில் அதுதான் வழக்கம். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவோம். விளக்கு எரிந்தால் ஆளும் இறங்கலாம். சித்தன் போன பிறகு மூடியை மூடினேன்.

சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்து விளக்கை இறக்கினேன். அடியை நெருங்கும்போது அணைந்தது. மேலே எடுத்து, பற்றவைத்து, இன்னொரு தடவை இறக்கினேன். இன்னொரு தடவையும் அணைந்தது. விளக்கைத் துடைத்து ஸ்டோரில் வைத்துவிட்டு வந்தேன்.

எல்வின் கழுத்தில் பதிவுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தான். ரிஸ்வான் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"நாத்தம் நொம்ப இருக்குதுங்களே."

"பழகிடும் கண்ணு."

"எறங்கலாங்களா?"

"வெளக்கு எறக்கிப் பாத்துட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்னங்க" என்று மேலேயே கருவியை ஓடவிட்டான். சக்கையில் கால் நனையுமே என்று என்னுடைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்தேன். அவனுக்கு அது சரியாக இருந்தது. கழுத்தில் கருவி ஓட ஓட ஏணியில் இறங்கினான்.

அப்போது நான் ஸ்டோரில் இருந்ததாக முன்பு உங்களிடம் சொன்னேன். ஸ்டோரில் இல்லை. தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு வரி பாடினான். இரண்டாவது வரி பாதியில் நின்றது. அந்த மெல்லிய குரல் அவனுக்குப் பொருந்தவில்லை என்பதை அப்போதே கவனித்தேன்.

பிறகு மௌனம் வந்தது. வெளியே குருவிகள் கத்தின. ரோட்டில் ஒரு ஜீப் கியர் மாற்றிக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தமெல்லாம் உள்ளே போகக் கூடாது என்று மூடியை மூடினேன்.

ரிஸ்வான் வந்து "எல்வின் எங்கண்ணா?" என்று கேட்டபோது நானேதான் திறந்து காட்டினேன். அவன் உள்ளே குதிக்கப் போனான். இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். என் கையைக் கடித்தான். அப்போதும் விடவில்லை. சித்தன் ஓடி வருகிறவரை பிடித்திருந்தேன். ஓர் உயிரையாவது காப்பாற்றினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அடக்கத்தன்று தேவகுமாரி என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே சாமி" என்றாள். ஆமாம் என்றேன்.

நேற்று ஸ்டேஷனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். பாட்டு நின்றதும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணுமில்லை" என்று அணைத்துவிட்டீர்கள். அதனால்தான் இன்று நானாகவே வந்தேன். அணைக்காமல் விட்டிருந்தால், இரும்பு மூடி தரையில் உரசி மெதுவாக விழுவது கேட்டிருக்கும். அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான்தான் செய்தேன். மறைக்க வேண்டும் என்று எனக்கு இல்லை. அதை ஒருவராவது கடைசிவரை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டு நிற்கும் இடத்தில் 'அண்ணா' என்று இரண்டு தடவை வருகிறதே, அது என்னைக் கூப்பிட்டதுதானே என்று கேட்டீர்கள். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அது பாட்டில் வருகிற சொல். இந்தப் பாட்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து சுமையா அழுதாள். பாட்டை எழுதியவள் அவள்தான். ஆனால் அவள் என்னளவுக்கு அதைக் கேட்டவள் இல்லை.