வலி வருவதற்கு முன்னால்

கம்பளிச் சட்டையை வெந்நீரில் துவைக்கக் கூடாது, டாக்டரம்மா. சுருங்கிவிடும். நம் இபாதான் ஊரில் வெயில் கொளுத்துகிற நாளிலும் என் மகள் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவாள். "ஏன்டி, உனக்கு மட்டும் பனி கொட்டுதா?" என்று தோழிகள் கேலி செய்வார்கள். கேலியால் யாரும் சாவதில்லை. குளிரில் சாவார்கள்.

என் மூத்தவன் செத்தான். அவனுக்கு முந்தையது கருவிலேயே போனதால் இவனுக்கு டுரோஜையே என்று பேர் வைத்தோம். 'இரு, இருந்து வாழ்ந்து பார்' என்று எங்கள் யொருபா ஜனங்கள் பிள்ளையைக் கெஞ்சுகிற பேர் அது. அவன் இருக்கவில்லை. ரத்த அணு அரிவாளாக வளைகிற நோய். எலும்பெல்லாம் வலிக்கிறதென்று கத்திக்கொண்டே என் மடியில் போனான்.

அப்புறம் பிறந்தவள் மொரெனிக்கே. 'சீராட்ட எனக்கொருத்தி கிடைத்தாள்' என்று அர்த்தம். அவளுக்கும் அதே நோய்தான் என்று சொல்லி வளர்த்தேன். குளிர் பட்டால் வலி வந்துவிடும்; ஓடாதே, நனையாதே, நீந்தாதே. சொன்னதைக் கேட்கிற பிள்ளை. கல்லூரிக்குப் போகிற வயதிலும் காலையில் கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவது நான்தான். எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் ரத்தத்தைத்தான் விசாரிப்பார்கள். இவளைக் கேட்டு யாரும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

போன வாரம் தோழிக்குத் துணையாக ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் போனவள், தானும் கையை நீட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"எனக்கு நோயே இல்லையாம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீ தவழறதுக்கு முன்னாடியே. இல்லைன்னு சொன்னா நீ ஓடுவே. ஓடினா விழுவே."

அவள் கத்தவில்லை. "அண்ணனைத்தான் வாழ்ந்து பாருன்னு கெஞ்சினீங்க. என்னை வாழவே விடலை," என்றாள். கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தோழி தங்கியிருக்கும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாளே வலி கண்டுவிட்டது. முழங்கால், இடுப்பு, முதுகு. கூடவே வாந்தி, நடுக்கம். "ரிசல்ட் பொய்தானேம்மா? எனக்கு நோய் இருக்குதானே? வந்து கூட்டிட்டுப் போங்கம்மா," என்று போனில் கெஞ்சினாள். நான் போவதற்குள் விடுதிப் பெண்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

அவள் தொடையில் உள்ள தழும்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஊசித் தழும்புதான். போட்டது நான். கிளினிக்கில் உதவி நர்ஸாக இருக்கிறேன், மருந்து கைக்கெட்டும். அந்த நோய்க்காரர்கள் வலியில் துடிக்கும்போது போடுகிற அதே ஊசி. மூத்தவனுக்கு அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அதனால் இவளுக்கு வலி வருவதற்கு முன்னாலேயே போட்டுவிடுவேன். முதலில் எப்போதாவது. கல்லூரியில் சேர்ந்த பிறகு, வெளியே போகிற பிள்ளையாயிற்றே என்று தினமும்.

உடம்பு அந்த ஊசிக்கு அடிமையாகிவிட்டது, ஊசி நின்றதால் வந்த வலி இது என்கிறீர்கள். படித்தவர், சரியாகத்தான் இருக்கும். போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்களிடமும் இதையே சொல்கிறேன்.

உள்ளே அவள் யாரைக் கூப்பிடுகிறாள், கேட்கிறதா? அம்மா என்கிறாள். என் பையில் ஊசி ஒன்று இருக்கிறது. கதவை மட்டும் திறந்துவிடுங்கள், டாக்டரம்மா. அவள் வலி என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?