அரை நொடி

சட்டை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், ஐயா. சைக்கிள் பந்தயம் என்றால் எல்லோரும் காலைப் பற்றிப் பேசுவார்கள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயா, காலையில் எத்தனை முட்டை சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். சட்டையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தொளதொளத்த சட்டையோடு இருபத்தைந்து மைல் ஓட்டினால் ஒரு நிமிடம் போய்விடும். அந்த ஒரு நிமிடத்தைக் காலால் மீட்க ஒரு வருடம் பழக வேண்டும். ஊசி நூலால் ஒரே மாலையில் மீட்டுவிடலாம்.

நடந்ததை மட்டும் சொல் என்றீர்கள். அதைத்தான் சொல்கிறேன். காற்றை விட்டுவிட்டுத் தனசேகரனைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

என் பெயர் மாணிக்கம். வயது முப்பத்திரண்டு. விமானத் தளத்தில் ஃபிட்டர் வேலை. நாரிஸ் ரோட்டில் மாடி வீடு. நானும் என் தங்கை கண்மணியும் மட்டும். அம்மாவும் அப்பாவும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்ட பிறகுதான் நான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். யாரையாவது விட்டு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னால் நல்லது.

தளத்தில் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் விமான இறக்கையில் கம்பளி நூல்களை ஒட்டிப் பார்ப்பார். நூல் படுத்துக் கிடந்தால் காற்று அங்கே வழுக்கிக்கொண்டு போகிறது. படபடவென்று ஆடினால் காற்று அங்கே பிடித்து இழுக்கிறது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்மணி என் சட்டை முழுவதும் சிவப்பு நூல்களைக் குத்தி வைப்பாள். ஃபேரர் பார்க் திடலை நான் சுற்றிச் சுற்றி வருவேன். அவள் ஓரத்தில் நின்று கத்துவாள். "அண்ணே, தோள்ல படுத்துருச்சு. முதுகுலதான் பேயாட்டம் ஆடுது." வீட்டுக்கு வந்ததும் முதுகைப் பிரித்து மறுபடி தைப்பாள். அப்படி ஏழு தடவை தைத்த சட்டை அது.

அந்தச் சட்டையோடுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு இருபத்தைந்து மைல் பந்தயத்தில் ஓட்டினேன். அதில்தான் தனசேகரன் எனக்குப் பழக்கமானான். துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவன். ஒல்லி உடம்பு. எதற்கும் சிரிப்பான்.

காற்றின் அடி முழுவதும் முன்னால் போகிறவனுக்குத்தான். அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால்தான் முறை மாற்றிக்கொள்வது எங்களிடையே வழக்கம். முன்னால் இருப்பவன் முழங்கையை ஆட்டினால், 'நான் களைத்துவிட்டேன், நீ வந்து காற்றை வாங்கிக்கொள்' என்று அர்த்தம். அன்று நான் பதினேழு தடவை முழங்கையை ஆட்டினேன். அவன் ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை. கடைசி இருநூறு கெஜத்தில் என் முதுகிலிருந்து வெளியே வந்தான், கோட்டைத் தாண்டினான். அரை நொடி வித்தியாசம்.

அது விதிக்கு உட்பட்டதுதான். நான் குறை சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு என் தோளில் கை போட்டு எல்லோர் முன்னாலும் சொன்னான். "அண்ணே, உங்க முதுகு நல்லா அகலமா, நெழலா இருந்துச்சுலா. விட்டு வர மனசே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நன்றாகப் பேசினான், நன்றாகச் சாப்பிட்டான். ரசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் போன பிறகு, இவனையே உனக்குப் பார்க்கலாமா என்று கண்மணியிடம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "மாப்பிள்ளை ஆயிட்டா ரேஸ்ல ஒன்ன முந்த மாட்டாருன்னு பாக்குறியா?" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு பேச்சு. மறுநாளும் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்வோம்.

தை மாதத்தில் தட்டு மாற்றிக்கொண்டோம். சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அன்றிலிருந்து அவன் என்னை அண்ணன் என்று கூப்பிடுவதை விட்டு மச்சான் என்றான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை வந்து வாசலிலேயே நின்றான். செருப்பைக் கழற்றவில்லை. "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் அண்ணே. தப்பு முழுக்க என்னோடது. கண்மணிய யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது" என்றான். காரணம் கேட்டேன். படியிறங்கிப் போய்விட்டான்.

நிச்சயம் செய்து நின்றுபோன பெண் என்றால் நம் தெருவில் எப்படிப் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கீழ்வீட்டு ரத்தினம்மா ஒவ்வொரு நாளும் ஆறுதல் சொல்ல வருவாள். கண்மணி கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுவதும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்றுதான் மெஷினை ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு வருடம் பொறுத்தேன். நான் அவசரப்படுகிறவன் இல்லை.

இந்த வருடம் வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தனியாக, கடிகாரத்தோடு மட்டும் மோதும் ஓட்டம். ஒளிந்துகொள்ள முன்னால் யாருடைய முதுகும் இருக்காது. தனசேகரனுக்கு அது வராது என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். கோப்பிக் கடையில் அவனைப் பார்த்து, நானே பழக்கிவிடுகிறேன் என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். கண் கலங்கியது. "என்மேல ஒங்களுக்குக் கோவம் இல்லையா மச்சான்?" என்றான். பழைய சொல் தவறி வந்துவிட்டது. திருத்திக்கொள்ளவில்லை. நானும் திருத்தவில்லை.

தனி ஓட்டத்தில் காற்றை ஏமாற்ற ஒரே வழி, உடம்பைச் சிறிதாக்குவது. முழங்கையை உள்ளே ஒடுக்க வேண்டும். முதுகு மேசை மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். முக்கியமாகத் தலை தாழ்ந்திருக்க வேண்டும். தலையைத் தூக்கித் தூக்கிச் சாலையைப் பார்க்கிறவன் இருபத்தைந்து மைலில் அரை நிமிடம் இழக்கிறான். அந்தப் பழக்கத்தை விடச் செய்வதுதான் கடினம். பயம்தானே தலையைத் தூக்க வைக்கிறது. அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் போவோம். நான் முன்னால் ஓட்டுகிறேன். நீ என் பின்சக்கரத்தை மட்டும் பார். சாலையை இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குக் கண். இதுவும் எங்கள் வழக்கம்தான். இடதுபக்கம் ஏதாவது நின்றால், இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து வலப்பக்கமாக ஆட்ட வேண்டும். பின்னால் இருப்பவன் நிமிர்ந்து பார்க்காமலே விலகுவான். கையை இறக்கி ஆட்ட அரை நொடி போதும்.

பத்தாவது மைல் தாண்டினதும் மைமூன் அக்காவின் பசியாறும் கடை இருக்கிறது. கல் உடைக்கும் இடத்து லாரிகள் ஞாயிறு காலை ஏழரைக்கு அங்கே ஓரமாக நிற்கும். சாலை சற்று வளைந்து அந்த இடத்துக்கு வரும். எனக்கு அது தெரியும். தனசேகரனுக்குத் தெரியாது. அவன் ஐந்து ஞாயிறும் என் பின்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவ்வளவு நல்ல மாணவன். ஐந்து ஞாயிறும் நான் கையை ஆட்டினேன், வலப்பக்கம் விலகினேன். அவனும் நூல் பிடித்தாற்போல விலகினான்.

அவன் முன்னேறிவிட்டான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தே வாரத்தில் தனி ஓட்டத்தில் ஒரு நிமிடம் நாற்பது நொடி குறைத்தான். நான் சொன்னபடியே தலையை வைத்தான்.

ஆறாவது ஞாயிறு அவன் உற்சாகமாக இருந்தான். புறப்படும்போது, "நீங்க முன்னால போனா நான் கண்ண மூடிக்கிட்டே வருவேன் மச்சான்" என்றான். மணிக்கு இருபத்தேழு மைல் வேகம். நொடிக்கு நாற்பது அடி. வளைவைத் தாண்டினேன், லாரி நின்றது. என் இரண்டு கையும் கைப்பிடியிலேயே இருந்தன. வழக்கமாக விலகும் இடத்தில் விலகவில்லை. இன்னும் சற்று நெருங்கினேன். பிறகு சட்டென்று வலப்பக்கம் போனேன்.

முதுகில் காற்று மாறுவது தெரியும். பின்னால் ஒட்டி வருகிறவன் இல்லாமல் போனால் சின்னதாக ஓர் இழுப்பு வரும். அது வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான்.

நான் அவனைத் தொடவில்லை. நிறுத்தினேன், திரும்பி வந்தேன், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் போட்டிருந்த சட்டை கண்மணி எனக்குத் தைத்த மாதிரியிலேயே, அவன் அளவுக்கு நான் வெளியே தைத்துக் கொடுத்தது. விசாரணையில், கை காட்டினேன், தலையைத் தாழ்த்தியிருந்ததால் அவன் பார்க்கவில்லை என்று சொன்னேன். விபத்து என்று எழுதினார்கள். அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தீங்களே தம்பி" என்று அழுதார்கள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது மைமூன் அக்கா. அவர்களுக்கே அது தெரியாது. நான் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு போவதை, தனக்குத்தான் ஆட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். ஐந்து ஞாயிறும் பதிலுக்குக் கரண்டியை ஆட்டியிருக்கிறார்கள். முப்பதாம் நாள் கண்மணி அந்த இடத்தில் பூ வைக்கப் போயிருக்கிறாள். அவளிடம், "ஒங்கண்ணன் தங்கமான மனுசன்மா. வாராவாரம் எனக்குக் கை காட்டாமப் போனதே இல்ல. அன்னிக்கு மட்டும்தான் காட்டல. அப்பவே எனக்கு மனசு என்னமோ பண்ணுச்சு" என்று சொல்லி அழுதிருக்கிறார்கள்.

கண்மணி வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. நான் வளர்த்த பெண். நேர்மையாக வளர்த்திருக்கிறேன்.

அந்தக் கல்யாணம் ஏன் நின்றது என்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். என்னிடமும் சொன்னாள். "அவரு வேணாம்னு சொல்லலண்ணே. நான்தான் சொன்னேன். எனக்கு டீச்சர் ட்ரெய்னிங் போகணும்னு ஆசை. நீ பாத்துப் பாத்துப் பேசி முடிச்சத எப்படி வேணாங்கிறதுன்னு அவர்கிட்டயே போய் அழுதேன். அவருதான், பழி எம்மேல இருக்கட்டும், ஒன்ன யாரும் பேசக்கூடாதுன்னாரு. நான் கதவச் சாத்திக்கிட்டு அழல. ஃபீஸ் கட்டுறதுக்கு ரவிக்கை தச்சேன்."

ஒரு தடவையாவது அவன் முன்னால் நின்று காற்றை வாங்கியிருக்கிறான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கண்மணி இதை எப்போது சொன்னாள் என்று. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் சொன்னாள். விளக்கேற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இப்ப அவரோட ராசியாயிட்ட. இனிமே சொல்லலாம்னு தோணுச்சு" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பிறகு சைக்கிளின் சங்கிலியைத் துடைக்கப் போனேன். ஆறாவது ஞாயிறு வர நான்கு நாள் இருந்தது.

ஆமாம், அதற்கு முந்தின புதன்கிழமைதான். தேதியைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் நான் செய்ததெல்லாம் என் தங்கைக்காகத்தான், ஐயா. அந்த அரை நொடியை நான் மறந்து எத்தனையோ நாளாகிறது.