தம்பியின் கல்லறை வாசகம்

இந்த ஊரில் நேரத்துக்கு வருகிறவனைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள், ஐயா. ஆறு மணிப் பூசைக்கு ஆறே காலுக்கு வந்து, சாமியாரின் பிரசங்கம் நீளம் என்று குறை சொல்வார்கள். நான் மில்லில் முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீசில் இருந்தவன். டைம் கார்டைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லிவிடுவேன்.

என் தம்பி அர்மான் அங்கே ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டான். பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். எப்படி என்பது அந்த நாட்டின் ரகசியம். திரும்பி வந்ததும் சாயங்காலம் முழுக்க இரும்புக் குண்டை வீசிப் பெத்தாங் ஆடினான். தோற்றாலும் சிரிப்பான். மனைவி இறந்த வருஷமும் சிரித்தான். சந்தோஷம் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது என்று நம்புகிறவன் நான். அவன் அதைத் தெருவில் கண்டெடுத்தவன் மாதிரி நடந்துகொண்டான்.

சர்க்கரை வியாதியில் கண் மங்கிய பிறகு அவனை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம். தினமும் மாலை ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி நான்தான் போடுவேன். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி ஆள் விழுந்துவிடும். அவனோ ஊசி போட்ட கையோடு வாசலுக்குப் போய், வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவிடம் கதையளப்பான். தட்டை வைத்துக்கொண்டு நான் கூப்பிட வேண்டும்.

"மில்லு மூடி எத்தினி வருஷம் ஆச்சு, நீ இன்னும் சங்கு ஊதிக்கினு இருக்கியேண்ணே," என்பான். அந்த அம்மாளும் சிரிப்பாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி போட்டேன், கூப்பிடவில்லை. அறுபத்தாறு வயது மனிதனுக்குத் தன் பொறுப்பு தெரிய வேண்டும். ஏழே முக்காலுக்குத் தானாக உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தான். சட்டை நனைந்திருந்தது.

"அண்ணே, ஒரு வாய் சக்கரத் தண்ணி குடு."

டப்பா இருக்கும் இடம் உனக்கே தெரியும் என்றேன். எழுந்துபோய் அலமாரியைத் தடவினான். மத்தியானமே அதை என் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். சோற்றை நாய்களுக்குப் போட்டிருந்தேன். ஊசியிலும் அன்று கொஞ்சம் தாராளமாக இருந்தேன். கெஞ்சினான். பிறகு நான் யார் என்பது மறந்து, செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டான். கைகால் உதறி அடங்கியது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். விடியும்வரை யாரையும் கூப்பிடவில்லை.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். பிரான்சிலிருந்து வந்த அவன் மகள் செசிலிடம், தூக்கத்திலேயே போய்விட்டான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. முகத்தில் சிரிப்பு இருந்தது என்றாள் மீன்காரம்மா. வாழ்ந்தாலும் செத்தாலும் இப்படித்தான் என்று பெத்தாங் கூட்டாளிகள் பெருமூச்சு விட்டார்கள். முப்பதாம் நாள் பூசைக்குச் செசில் அடித்த நினைவு அட்டையில், 'சிரித்தபடி வாழ்ந்தார், சிரித்தபடி சென்றார்' என்று போட்டிருந்தது. கல்லறைப் பளிங்கிலும் அதையே வெட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா கஷ்டப்படாம போனாரே பெரியப்பா, எனக்கு அது போதும்," என்றாள். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள்.

மனசாட்சி உறுத்தி ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று எழுதாதீர்கள். பொறாமை என்றும் வேண்டாம்; அவனைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? தப்பான தகவல் கல்லில் ஏறக்கூடாது, அவ்வளவுதான். அவன் சிரிக்கவில்லை, ஐயா. அந்த முகத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். என் மேல் வழக்குப் போடுவதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். முதலில் செசிலுக்குப் போன் போட்டு இதைச் சொல்லுங்கள்.