நிலுவையில் நின்ற தட்டல்

— இன்ஜினியரம்மா, அந்தத் திரையை இன்னும் எத்தனை நேரம் முறைச்சுப் பாப்பீங்க? பயந்துபோய்த் தானா ஓடும்னு நினைப்பா?

— லேப் அக்கா, உங்களுக்கு அங்க வேலையே இல்லையா?

— வேலையைத்தான் நீங்க பிடிச்சு வெச்சிருக்கீங்களே. ஆகக்கூடி, அங்க ரத்த டியூபைப் பாத்துட்டு உக்கார்றதுக்குப் பதிலா இங்க ஏசில உங்களைப் பாத்துட்டு நிக்கலாம். வார்டுலருந்து நர்ஸுங்க போன் மேல போன்.

— எத்தனை ரிப்போர்ட் நிக்குது?

— அறுபத்தி ரெண்டு. நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின கம்ப்யூட்டரை ஏன்தான் தொட்டீங்களோ.

— அது கம்ப்யூட்டருக்குள்ள ஓடற கம்ப்யூட்டர் அக்கா. விர்ச்சுவல் மெஷின். அதைச் சுமந்த பழைய சர்வர் சூடாகிச் சாகக் கிடக்கு. அதான் காலைல ஒன்பது மணிக்கு, ஓடிட்டிருந்ததை அப்படியே நிறுத்தி, அதோட நிலைமை மொத்தத்தையும் சேமிச்சு, புது சர்வர்ல கொண்டுவந்து எழுப்பினேன்.

— எழுந்துச்சா?

— எழுந்துச்சு. கடிகாரம் ஓடுது, வர்றதை எல்லாம் வாங்கிக்குது. ஆனா ஒண்ணைக்கூட டிஸ்க்ல எழுத மாட்டேங்குது.

— என் வீட்டுக்காரர் மாதிரி. எல்லாத்தையும் கேட்டுக்குவார், ஒண்ணும் நடக்காது. ஒரு தடவை அணைச்சுப் போடுங்களேன், எங்க வீட்டு டிவிக்கு அதான் வைத்தியம்.

— அணைச்சா அறுபத்தி ரெண்டும் போயிடும். எல்லாம் இப்ப மெமரிலதான் நிக்குது.

— அப்ப தொடாதீங்க. கீபோர்டுலருந்து கைய எடுங்க முதல்ல.

— எடுத்துட்டேன். ஏன் இப்படிப் பதறறீங்க?

— பதறாம? சரி, கோளாறு எங்கன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— டிஸ்க் ஒரு வேலையை முடிச்சதும், "முடிச்சுட்டேன், அடுத்ததைக் குடு"ன்னு ஒரு தட்டு தட்டும். ஒரே ஒரு தடவைதான். யார் தட்டினாங்கன்னு குறிச்சு வெச்சு, பிராசஸர்கிட்ட சொல்றது இன்டரப்ட் கன்ட்ரோலர். காலைல நான் நிறுத்தின அதே நொடில டிஸ்க் தட்டியிருக்கு. குறிச்சாச்சு, ஆனா சொல்றதுக்குள்ள நான் நிறுத்திட்டேன்.

— அந்தக் குறிப்பைச் சேமிச்சீங்கதானே?

— யார் யார் தட்டலாம், யாருக்கு முன்னுரிமை, அதெல்லாம் சேமிச்சேன். யார் தட்டிட்டுக் காத்திருக்காங்கங்கறதை விட்டுட்டேன்.

— ஆகக்கூடி, டிஸ்க் "நான்தான் சொல்லிட்டேனே"ங்குது, மெஷின் "யாரும் ஒண்ணும் சொல்லலையே"ங்குது. கல்யாண வீட்டுச் சம்பந்திங்க மாதிரி ரெண்டும் முகத்தைத் திருப்பிட்டு உக்காந்திருக்கு.

— ரொம்பச் சரி.

— அந்தச் சேமிக்கிற புரோகிராமை எழுதின புண்ணியவான் யாரு?

— புண்ணியவதி. உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கா.

— அதானே, முகத்துலயே எழுதியிருக்கு.

— கேலி பண்ணுங்க, பரவாயில்ல. பழைய சர்வர்ல அந்த நிலை இன்னும் கலையாம இருக்கு. எந்தத் தட்டல் காத்து நிக்குதுன்னு அதுலருந்து படிச்சுட்டா போதும். அதுக்குள்ள அது அணையாம இருக்கணும். ஒரு நிமிஷம்... முப்பத்தி நாலு. டிஸ்க்கோட நம்பர்தான்.

— அதை வெச்சு என்ன செய்வீங்க?

— புது மெஷினை ஒரு கணம் நிறுத்தி, முப்பத்தி நாலுல "தட்டியாச்சு"ன்னு குறி வெச்சு, மறுபடி ஓட விடுவேன். அக்கா, என் நாற்காலியை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?

— உங்க ஏசி குளிருது. நீங்க வேலையைப் பாருங்க.

— வெச்சாச்சு. ஓட விடறேன்... எழுதுது அக்கா. மூணு, நாலு, ஏழு. வரிசையா போகுது பாருங்க.

— பரவாயில்லையே, உடைச்சதை ஒட்டவும் தெரியுது உங்களுக்கு.

— போய் நர்ஸுங்ககிட்டச் சொல்லுங்க, போனை வெச்சுட்டு ரிப்போர்ட்டைப் பாக்கச் சொல்லி.

— சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. வெளி லேப்லருந்து ஒரு ரிப்போர்ட் வந்திருக்கும், நாலாயிரத்துப் பதினெட்டு. அதைத் திறந்து படிங்க. நான் கண்ணாடியை லேப்ல விட்டுட்டேன்.

— கண்ணாடி உங்க தலைமேலதான் இருக்கு.

— இருக்கட்டும், நீங்களே படிங்க.

— நாலாயிரத்துப் பதினெட்டு... மார்புத் திசுப் பரிசோதனை. பேரு போடல, வெறும் நம்பர்தான். சாதாரணக் கட்டி, புற்று இல்லன்னு எழுதியிருக்காங்க. பாவம், யாரோ காலைலருந்து தவிச்சுட்டு இருந்திருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா அக்கா?

— அந்த நம்பர் நான்தான். இன்னொரு தடவை படிங்க, கொஞ்சம் மெதுவா.